சாவி வாங்கிய மருமகள்

கில்டாரா ஹவுஸ் - அத்தியாயம் 17

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கில்டாரா ஹவுஸின் தேநீர்க் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்:

வசந்தாமணி. வீட்டுக்காரி, ஓட்டல்காரி, செங்காட்டூர் ஜமீன் மருமகள். கத்திரிப்பூ நிறப் பட்டு, இடுப்பில் சாவிக்கொத்து.

மணியன். அவள் கணவர். கோட்டு போட்டிருந்தார். விரல் இடுக்கில் பாய்லர் கரி போகவில்லை.

கவின். அவர்களுடைய மகன். உடம்பு கூடத்தில், கண் போனில்.

கயல். கவின் பெருந்துறையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்.

கலாவதி ஆன்ட்டி. நியூ ஜெர்சியிலேயே, மான்மவுத் ஜங்ஷனில் இருக்கிற சொந்தம். கூப்பிட்டால் வருவாள், கூப்பிடாவிட்டால் சீக்கிரமாகவே வந்துவிடுவாள்.

ஊனா. இந்த வீட்டை வசந்தாமணிக்கு விற்ற ஐரிஷ் கிழவி. கைத்தடி, சிவப்பு உதட்டுச் சாயம். காது நன்றாகக் கேட்கும்.

பணம் கட்டித் தேநீர் குடிக்க வந்த விருந்தினர் ஒரு கூட்டம்.

சுவரில், தங்கச் சட்டத்துக்குள், லேடி ஹொனோராவும் அவள் மருமகள் ஐலீனும். இரண்டு பேரும் செத்துப்போனவர்கள். இரண்டு பேர் இடுப்பிலும் இதே சாவிக்கொத்து.

இத்தனை பேர் பார்க்கத்தான் அது நடந்தது. எனக்குத் தெரியாது என்று பிற்பாடு யாரும் சொல்ல முடியாது.

*

காலையிலிருந்து சொன்னால்தான் சரியாக வரும்.

கவினின் கம்பெனி அவனுக்குக் கலிபோர்னியாவுக்கு மாற்றல் கொடுத்துவிட்டது. டப்ளின் என்ற ஊர். அவன் தங்கை விஷாகா அங்கேதான் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே அப்பார்ட்மென்ட் பார்த்தாயிற்று. கயலுக்கும் வேலை கிடைத்தாயிற்று. கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் டிசைன் பண்ணிக்கொண்டிருந்தவள் அவள். திராட்சைத் தோட்டங்களுக்குப் பம்ப் செய்கிற ஒரு கம்பெனி வீடியோவில் பேசிப் பார்த்துவிட்டு, அடுத்த திங்கள்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கயல் செய்த வேலை வேறு. படுக்கை விரிப்பு மடித்தாள், ஸ்கோன் ரொட்டி சுட்டாள், விருந்தினருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். பாய்லரின் பம்ப் நின்றபோது மட்டும் மாமனாரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவளே பிரித்துச் சரி பண்ணினாள். அது நல்லதாகப் போகவில்லை. மறுநாளிலிருந்து அதுவும் அவள் வேலையாகிவிட்டது.

பாக்கி ஒரே ஒரு காரியம். வசந்தாமணியிடம் இதை யாரும் சொல்லவில்லை. ஞாயிறு காலைக்குள் சொல்லிவிடுகிறேன் என்று போன வாரம் கவின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தான். ஞாயிறு சாயங்காலம் ஃப்ளைட்டுக்குக் கிளம்ப வேண்டும். துணி அறையில், மெத்தை உறைகளுக்குப் பின்னால், கயலின் பெட்டி தயாராக இருந்தது. ஏர்போர்ட்டில் அடையாளம் தெரிய கைப்பிடியில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தாள்.

கவின் துணி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"சொல்லிட்டியா?" என்றாள் கயல்.

"சொல்லிட்டேன்."

கையிலிருந்த விரிப்பை அப்படியே விட்டாள். "என்ன சொன்னாங்க?"

"ஓகேன்னாங்க."

"உங்கம்மாவா?"

"ஷீ வாஸ் கூல், கயல். ரியலி."

"அழுகலையா?"

"இல்ல."

"சாப்பிட மாட்டேன்னு சொல்லலையா?"

"இட்லி சாப்பிட்டாங்க. இன்னும் ரெண்டு வைன்னு கேட்டாங்க."

கயல் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். இத்தனை நாள் பயந்தது இதற்கா? சிரிப்பு வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. சிரிப்பு பெரிதாக இருந்ததால் சந்தேகத்தை அவள் கவனிக்கவில்லை.

"டிக்கெட்?"

"ரெண்டு டிக்கெட். போட்டாச்சு."

"அப்ப என் பெட்டியைக் கொண்டு போய் கார்ல வையி."

"லேட்டர். கெஸ்ட்ஸ் பாக்கறாங்க." அவன் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றான். "ஒன் திங். அம்மா இன்னிக்கு டீ டைம்ல ஒரு சாவி ஷோ பண்ணப் போறாங்க. உன் கைல சாவி குடுக்கற மாதிரி. கெஸ்ட்ஸுக்காக. ஜஸ்ட் ப்ளே அலாங், ஓகே?"

"நாம ஊருக்குப் போற அன்னிக்கா?"

"போறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ வேணுமாம். வெப்சைட்ல போடறதுக்கு."

அது நம்பக்கூடியதாகத்தான் இருந்தது. வெப்சைட் என்றால் வசந்தாமணிக்கு உயிர். 'ஐரிஷ் சீமாட்டிகள் நடத்திய மாளிகை, இன்று ஒரு தமிழ் ராஜ குடும்பத்துப் பெண்களின் கையில்' என்று அதில் போட்டிருக்கிறது. அந்த ராஜ குடும்பத்து அரண்மனையைக் கயல் பார்த்திருக்கிறாள். ஓடு போட்ட பெரிய வீடு. பாதி ஒழுகும். மீதிப் பாதியில் உரக்கடைக்காரர் ஒருவர் வாடகைக்கு மூட்டை அடுக்கியிருக்கிறார்.

ஆனால் அந்த வீட்டின் வழக்கம் மட்டும் ஒழுகவில்லை. செங்காட்டூரில் மாமியார் மருமகளிடம் சாவிக்கொத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பாள். வாங்கி இடுப்பில் செருகியவள் அன்றிலிருந்து வேறு வீட்டில் ராத் தங்கக் கூடாது. இன்னொருத்தி வாங்கும்வரை கூடாது. ஆண்கள் கையில் சாவியைக் கொடுக்கும் பேச்சே இல்லை. வசந்தாமணி ஜமீன் சாவியை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டுத்தான் மணியனோடு அமெரிக்கா வந்தாள். பிளெய்ன்ஸ்பரோ அப்பார்ட்மென்டில், மணியன் மருந்துக் கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்த வருஷங்களில், அவள் இஷ்டத்துக்கு ஊர் சுற்றினாள். நயாகராவுக்கே பலமுறை போனாள். பிறகு இந்த வீட்டை வாங்கி, ஊனா சாவிக்கொத்தை மேஜையில் தள்ளிய அன்று, அதை எடுத்து இடுப்பில் செருகினாள். பழைய சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு ஒரு ராத்திரிகூட அவள் வெளியே தங்கவில்லை. மகள் பிரசவத்துக்குக்கூடப் போகவில்லை.

*

அந்த மகள் பதினோரு மணி வாக்கில் போன் பண்ணினாள்.

"அண்ணி, பேக்கிங் முடிஞ்சுதா? நாளைக்கு இந்நேரம் நீங்க என் கிச்சன்ல உக்காந்து காபி குடிச்சிட்டு இருப்பீங்க."

"பாப்பா என்ன பண்றா?"

"நடக்கறா. டிவி ரிமோட்டைக் கொண்டு போய் குப்பைத் தொட்டில போடறா." விஷாகா சிரித்தாள். பிறகு குரல் மாறியது. "அம்மாகிட்ட சொல்லியாச்சா?"

"சொல்லிட்டான். ஒண்ணும் சொல்லலையாம்."

"ஒண்ணும் சொல்லலையா? கேர்ஃபுல், அண்ணி. நானும் வர்றேன்னு அவங்க கிளம்பிடப் போறாங்க."

"அவங்களாவது வர்றதாவது."

"வந்தா நான் கதவைத் திறக்க மாட்டேன். ஐ மீன் இட். லேபர் ரூம்லருந்து போன் பண்ணி அழுதேன், அண்ணி. 'சாவி இடுப்புல இருக்கு, வர முடியாது கண்ணு'ன்னாங்க. சாவி!" விஷாகாவுக்குக் கோபம் வந்தால் முழுக்க இங்கிலீஷ்தான். அதற்குப் பிறகு அவள் பேசியதில் தமிழ் வார்த்தை ஒன்றுகூட இல்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்க மட்டும் வாங்க" என்றாள்.

கயல் போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

வசந்தாமணி சாமான் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பூட்டிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தாள். எந்தப் பூட்டையும் அவள் வெறுமனே நம்பியதில்லை. கார் கதவைக்கூட அப்படித்தான்.

"வா கண்ணு. இந்தச் சேலையக் கட்டிக்க" என்று மேஜையைக் காட்டினாள். மஞ்சளில் சிவப்புக் கரை வைத்த பட்டு. "நகை போடோணும்னு இல்ல. அந்த அட்டிகை மட்டும் போதும்."

"சரிங்க அத்தை."

"சாப்டியா?"

"இன்னும் இல்லீங்க."

வசந்தாமணி தட்டு எடுத்து, கையாலேயே இட்லியைப் பிட்டு, சட்னி ஊற்றி வைத்தாள். எதிரே உட்கார்ந்து கயல் சாப்பிடுவதைப் பார்த்தாள். இந்த வீட்டில் அப்படி ஒரு காட்சி அதற்கு முன் நடந்ததே இல்லை.  சொல்லாமல் திட்டம் போட்டுவிட்டோமே என்று கயலுக்கு உறுத்தியது.

"அத்தை, கவின் சொன்னானுங்களா?"

"சொன்னான்."

"உங்களுக்கு வருத்தம் ஒண்ணும்..."

"போச்சாது போ, பரவால்ல. எத்தன நாளைக்குத்தான் ஒரே ஊட்டுல கெடக்கறது? மனுசின்னா நாலு ஊரு பாக்கோணும்." அவள் எழுந்தாள். இடுப்பில் சாவி குலுங்கியது. "சட்னி போடட்டா?"

கயல் வேண்டாம் என்றாள். நல்ல மாமியாரைத்தான் நாம் தப்பாக நினைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்போடுதான் சேலை கட்டப் போனாள்.

*

மூன்று மணிக்கு வீடு சுற்றிக் காட்டும் நேரம். ஞாயிறு தவறாமல் கயல்தான் கதை சொல்லுவாள். மாடிப்படி அடியில் நின்று, படங்களைக் காட்டி, மனப்பாடமான இங்கிலீஷில் சொல்லுவாள்.

லேடி ஹொனோரா அயர்லாந்தில் ஒரு பிரபுவின் மகள். கலகத்தில் அவர்கள் மாளிகையைக் கொளுத்திவிட்டார்கள். ரயில் கம்பெனி வைத்திருந்த அமெரிக்கன் ஒருவனைக் கட்டிக்கொண்டு அவள் நியூ ஜெர்சி வந்தாள். எரிந்த வீட்டை ஞாபகத்திலிருந்தே மறுபடி கட்டச் சொன்னாள். கொத்தனார்களின் பக்கத்தில் நின்று ஜன்னல் ஜன்னலாகச் சொன்னாளாம். புருஷன் பங்குச் சந்தையில் எல்லாவற்றையும் தொலைத்தபோது வீட்டை ஓட்டலாக்கினாள். பிரபு வீட்டுப் பெண், வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, யார் யாருக்கோ சூப் ஊற்றினாள். சாவிக்கொத்தை மட்டும் இடுப்பை விட்டு இறக்கவில்லை.

பிறகு மகனுக்கு ஐலீன் வந்தாள். அவளும் அயர்லாந்துப் பெரிய வீட்டுப் பெண்தான். இதே தேநீர்க் கூடத்தில், விருந்தினர் முன்னால், ஹொனோரா சாவியை அவளிடம் கொடுத்தாள். இரண்டே வாரம் இத்தாலி போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"லேடி ஹொனோராவின் கல்லறை ஃப்ளாரன்ஸில் இருக்கிறது" என்று கயல் சொன்னாள்.

இங்கே நிறுத்த வேண்டும். சிரிப்பு வரும். வந்தது.

ஐலீன் அதன் பிறகு ஓட்டலை விட்டு நகரவே இல்லை. மகன் வளர்ந்து, ஊனா மருமகளாக வந்ததும், அவள் கையில் சாவியைக் கொடுத்தாள். குளிர்காலம் மட்டும் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஃப்ளோரிடா போனாள். அங்கே கோல்ஃப் பழகினாள், இன்னொரு கல்யாணமும் பண்ணிக்கொண்டாள்.

இரண்டாவது சிரிப்பு. இது எப்போதும் முதலாவதைவிடப் பெரிதாக வரும்.

ஊனாவுக்குப் பிள்ளை இல்லை, சாவி கொடுக்க மருமகள் இல்லை, அதனால் வீட்டை விற்றாள் என்று கதையை முடிக்கும்போது, கயல் தலை நிமிர்ந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் அங்கேதான் நிற்பாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அதுவும் எப்போதும் போலத்தான்.

*

கலாவதி ஆன்ட்டி தாம்பாளத்தை அடுக்கினாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. எடிசன் ஊர் இந்தியக் கடையில் வாங்கிய மல்லிகை, ஃப்ரிட்ஜ் வாசனை அடித்தது.

"ஏங் கயலு, சேலை நல்லாத்தான் கட்டியிருக்கே. யூடியூப் பாத்தா?"

"எங்கம்மாவைப் பாத்து ஆன்ட்டி."

"ஆமா, வாய் இருக்கட்டும். சாவி வாங்குறவளுக்கு வாய் வேணும். உங்க மாமியாளுக்கு வாயில்லீன்னா இந்தப் பாய்லர் மனுசனை வெச்சு ஓட்டல் நடத்தியிருப்பாளா?"

மணியன் அதைக் கேட்டுச் சுவரைப் பார்த்தார்.

வசந்தாமணி நடுக்கூடத்துக்கு வந்தாள். கவின் போனை உயரத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தான். விருந்தினரும் தங்கள் போன்களைத் தூக்கினார்கள். வசந்தாமணி இடுப்பிலிருந்து கொத்தை உருவி, தாம்பாளத்தின் நடுவில் வைத்தாள். இரும்புச் சாவி, பித்தளைச் சாவி, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து விழுந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஹொனோராவையும் ஐலீனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாம்பாளத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வாங்கிக்க அம்மிணி."

கயலுக்கு ஒரு நொடி கை எழவில்லை. கவின் போனுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினான். ஷோதானே.

பெரியவர்கள் தாம்பாளம் நீட்டினால் குனிந்து இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்று பெருந்துறையில் நடக்கப் பழகும்போதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கயலின் கைகள் அவளைக் கேட்கவில்லை. வாங்கின. கும்பிட்டு, நிமிர்ந்து, கொத்தை எடுத்து இடுப்பில் செருகினாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சாயங்காலம் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். கலாவதி ஆன்ட்டி குலவை போட்டாள். அதைக் கேட்டு ஒரு விருந்தாளி ஸ்கோனைக் கீழே போட்டார்.

"நான் சாட்சி!" என்றாள் கலாவதி. "நாளைக்கு யாரும் மாத்திப் பேசக் கூடாது. சாவி கைமாறியாச்சு."

ஊனா மட்டும் கைதட்டவில்லை. கயல் அவளுக்குத் தேநீர் ஊற்றப் போனபோது, கிழவி அவள் இடுப்பைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் கேட்டாள்:

"அவள் எங்கே போகிறாள்?"

"யார்?"

"உன் மாமியார்."

"அத்தையா? அவர் எங்கேயும் போவதில்லை. போகிறது நான்தான்" என்றாள் கயல். கிழவியிடம் சொன்னால் என்ன என்று தோன்றியது.

ஊனா கோப்பைக்குள்ளேயே சிரித்தாள். தேநீர் சாஸரில் சிந்தியது. "ஐலீன் என்னிடம் கொடுத்தபோது நானும் கேட்கவில்லை, பெண்ணே" என்றாள். "சர்க்கரை வேண்டாம்."

*

ஐந்து மணிக்குத் தேநீர்க் கூட்டம் கலைந்தது. கயல் துணி அறைக்கு ஓடினாள். மஞ்சள் ரிப்பன் கட்டிய பெட்டி மெத்தை உறைக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

கவின் மறந்திருப்பான். அவன் மறக்கிற ஆள்தான். அவள் வெளியே வந்தாள். முன்வாசலில் கார் நின்றது, டிக்கி திறந்திருந்தது. உள்ளே கவினின் கறுப்புப் பெட்டி. பக்கத்தில், ஊரிலிருந்து கொண்டு வந்த, அந்தக் காலத்து மெரூன் பெட்டி. கைப்பிடியில் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருந்தது.

"இது யாரு பெட்டி?"

கவின் டிக்கியை மூடப் போனான். அவள் கையை வைத்துத் தடுத்தாள்.

"கயல், லிசன்..."

"யாரு பெட்டின்னு கேட்டேன்."

"அம்மாவோடது."

"ரெண்டு டிக்கெட்டுன்னு சொன்னே."

"ரெண்டு டிக்கெட்தான்." அவன் அவளைப் பார்க்கவில்லை. காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்தான். "அக்டோபர் வரைக்கும்தான். வெட்டிங் சீசன் முடிஞ்சதும் நீ வந்துடு. எல்லா வாரமும் புக்கிங் இருக்கு. அம்மா பாப்பாவை ஒரு தடவைகூடத் தூக்கினதில்ல. கேட்டாங்க. வாட் குட் ஐ சே?"

"இங்கிலீஷ்தானே உனக்குத் தாய்மொழி? நோன்னு சொல்லத் தெரியாதா?"

"தட்ஸ் நாட் ஃபேர்."

"அடுத்த திங்கக்கிழமை என் வேலை?"

"ரிமோட்ல கேட்டுப் பாக்கலாம். நான் வேணா மெயில் டிராஃப்ட் பண்ணித் தர்றேன்."

"பம்பை ரிமோட்ல கழட்டுவாங்களா?"

 அவள் இன்னொன்று கேட்டாள். அதைக் கேட்கும்போது குரல் தானாகத் தாழ்ந்தது.

"என் கிரீன் கார்டு ரெண்டு வருஷக் கார்டு. ஜனவரில ரெண்டு பேரும் சேர்ந்து வாழறோம்னு காட்டிச் சேர்ந்து கையெழுத்துப் போடணும். நீ அந்தக் கோடில, நான் இந்தக் கோடில. யார் கேட்டா என்ன காட்டுவே? இந்தச் சாவி வீடியோவையா?"

"அதுக்குள்ள நீ வந்துடுவே இல்ல? டோன்ட் பி டிராமாட்டிக்."

பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. கயல் திரும்பினாள். வசந்தாமணி. படியிறங்கி வந்தது அவளுக்குக் கேட்கவே இல்லை. இத்தனை நாளும் அந்தச் சாவிச் சத்தத்தை வைத்துத்தான் மாமியார் எந்த அறையில் இருக்கிறாள் என்று வீடே தெரிந்துகொள்ளும். இப்போது சத்தம் போடுவது கயல்தான்.

பட்டுச் சேலை போய்ச் சுடிதார் வந்திருந்தது. காலில் வெள்ளை ஸ்னீக்கர். தோளில் ஒரு சின்னப் பை. ஆள் சின்னவளாகத் தெரிந்தாள்.

"இங்க நின்னுட்டிருந்தா ஆச்சா கண்ணு? ஏழாம் ரூம்ல டவல் கேக்கறாங்க."

"என்கிட்ட சொல்லவே இல்லீங்களே அத்தை."

"சொன்னா வாங்கியிருப்பியா?"

 "ஷோன்னு சொன்னானுங்க" என்றாள் கயல்.

"அவன் பொறந்ததுலருந்து எல்லாத்தையும் ஷோன்னுதான் சொல்லுவான். இந்த ஊருல பொறந்தவன். நீ யாரு? தாம்பாளத்துல வெச்சு, வெத்தல பாக்கோட, கலாவதி பாக்க, குனிஞ்சு ரெண்டு கையாலயும் வாங்கினியே. அது ஷோன்னு உங்கம்மாகிட்டப் போன் பண்ணிச் சொல்லு பாக்கலாம்."

கயல் சொல்ல மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"நீ ஞாயித்துக்கிழமையானா அந்தக் கதையச் சொல்லுவ" என்றாள் வசந்தாமணி. குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. "எல்லாரும் சிரிப்பாங்க. நான் பின்னாடி நின்னு கேட்டுட்டிருப்பேன். ஹொனோரா போனா. ஐலீன் போனா. எம் முறை எப்பன்னு நெனச்சுக்கிட்டு நிப்பேன். எம் பொண்ணு வலியில கத்துனத நான் போன்ல கேட்டேன் கயலு. இந்த அடுப்படியில நின்னு கேட்டேன். இதை இடுப்புல வெச்சுக்கிட்டு."

"என் முறை எப்பங்க அத்தை?"

வசந்தாமணி யோசித்தாள். நிஜமாகவே யோசித்துவிட்டு, நிஜமான பதிலைத்தான் சொன்னாள்.

"உம் மகனுக்கு ஒருத்தி வருவா."

கயலுக்கு இன்னும் பிள்ளையே இல்லை.

கவின் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஏசியைப் போட்டான். ஜன்னலை ஏற்றினான்.

"விஷாகாவுக்கு நீங்க வர்றது தெரியுங்களா?" என்றாள் கயல்.

"தெரியாது. சொல்லாமப் போயி நிக்கப் போறேன். கதவத் தெறந்ததும் அவ மூஞ்சியப் பாக்கோணும்." வசந்தாமணியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. கயல் அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் பார்த்ததே இல்லை.

காலையில் விஷாகா சொன்னது கயலின் நாக்கு நுனி வரை வந்தது. அத்தை, உங்கள் மகள் கதவைத் திறக்க மாட்டேன் என்றாள். சொன்னால் இவள் நின்றாலும் நின்றுவிடுவாள். நிற்காவிட்டாலும் அந்தச் சிரிப்பு போய்விடும்.

கயல் சொல்லவில்லை. பாவம் பார்த்துச் சொல்லாமல் விட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. போய் நிற்கட்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான்.

"நீ உள்ள போ" என்றாள் வசந்தாமணி. "சாவிக்காரி வாசல்ல நின்னு டாட்டா காட்டக் கூடாது. உள்ள நின்னு பூட்டோணும். சத்தம் கேட்டாத்தான் போறவ போவோணும்."

கயல் படியேறினாள். முன்கதவு தேக்கு மாதிரி கனத்த ஓக் மரம். ஹொனோரா காலத்து இரும்புப் பூட்டு. விருந்தினர் போக வர, நம்பர் அழுத்தித் திறக்கிற பக்கக் கதவு ஒன்று இருக்கிறது. அந்த நம்பர் கயலுக்கும் தெரியும். இந்த நிமிஷம்கூட அது வழியாகப் போகலாம். போய் எந்த ஃப்ளைட்டில் ஏறுவது, எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதுதான் பாக்கி.

உள்ளே மாடிப்படி அடியில் மணியன் நின்றார். "பாய்லர்ல மறுபடியும் ஒரு சத்தம் வருதும்மா" என்றார். வேறு என்னமோ சொல்ல வந்தவர் அதைத்தான் சொன்னார். அவருக்குப் பின்னால் ஊனா கைத்தடியை ஊன்றிக்கொண்டு, தன் வாடகைக் காருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கக் கதவு வழியாகப் போய்விடுவாள். அவளுக்கு இங்கே ஒன்றும் இல்லை.

"அத்தை" என்றாள் கயல், கதவிடுக்கு வழியாக. "ஹொனோரா ரெண்டு வாரம்னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்க எத்தனை வாரம்?"

வசந்தாமணி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"பூட்டு" என்றாள்.

கயல் கதவைச் சாத்தினாள். கொத்தில் எது முன்கதவுச் சாவி என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஆகப் பெரியது அதுதான். நுழைத்துத் திருப்பினாள். பூட்டு சுலபமாக விழுந்தது. எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். எல்லாம் தயாராகத்தான் இருந்திருக்கிறது.

வெளியே ஸ்னீக்கர் காலடி இறங்கவில்லை.  பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கைப்பிடி ஒரு தடவை இழுபட்டது.

கதவு அசையவில்லை. வசந்தாமணிக்கு அது போதுமானதாக இருந்தது.